நீ கேட்ட பழுப்புப் பறவை

யீஷூன், சிங்கப்பூர்
நவம்பர் 16

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நீ ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய படத்தை முதலில் கைத்தொலைபேசியிலும், பிறகு உன் தம்பியின் கணினியில் பெரிதாக்கியும் மூன்று நாள்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில், நியூகாசிலில் உள்ள உன் விடுதிக்கு எதிர்க்கடையின் கூரை விளிம்பில் நிற்கும் அந்தப் பழுப்புப் பறவை நான் வாங்கிக் கொடுத்த களக் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை என்றும், ஒருவேளை அது கடற்காகமே இல்லையோ என்றும் கேட்டிருந்தாய். அது கடற்காகம்தான், கையேட்டிலும் இருக்கிறது. நீ தேடிய முறையில்தான் அது அகப்படவில்லை. அந்த முறையை உனக்குப் பழக்கியவன் நான் என்பதால், குறுஞ்செய்தியில் முடித்துக்கொள்ளாமல் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய தவற்றை ஒப்புக்கொள்கிறேன். நீ சிறுமியாக இருந்தபோது சாங்கியிலிருந்து புலாவ் உபினுக்குப் படகில் போகும்போதெல்லாம், கேலோங் என்ற மீன்பிடி மேடைகளின் கம்பங்களிலும் மிதவைகளிலும் வரிசையாக உட்கார்ந்திருந்த வெள்ளைப் பறவைகளைக் காட்டி, "அதோ பார், கடற்காகம்" என்று சொல்லிக் கொடுத்தேன். துறைமுகப் படகுகளில் வேலை பார்த்த நாங்கள் எல்லாரும் அவற்றை அப்படித்தான் அழைத்தோம். பணி ஓய்வு பெற்றுக் கையேட்டைப் பிரித்த முதல் வாரத்திலேயே அவை அத்தனையும் ஆலாக்கள் என்று தெரிந்தது. மஞ்சள் அலகும், பிடரியில் சிலிர்த்து நிற்கும் கறுப்புக் கொண்டையும், ஒடுங்கிய நீண்ட சிறகும், பிளவுபட்ட வாலும் கொண்ட பெரிய கொண்டை ஆலாக்கள். ஆலாவும் கடற்காகமும் ஒரே குடும்பம் என்பது உண்மை. ஆனால் ஆலா தலைகீழாகக் கடலுக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். கடற்காகம் பெரும்பாலும் நீந்தியும் நடந்தும் பொறுக்கியும் தின்னும். உண்மையான கடற்காகம் சிங்கப்பூருக்கு வருவது அபூர்வம். குளிர்காலத்தில் கருந்தலைக் கடற்காகமோ பழுப்புத்தலைக் கடற்காகமோ ஒன்றே ஒன்று தென்பட்டால்கூட, கையளவு லென்ஸ் முதல் முழங்கையளவு லென்ஸ் வரை தூக்கிக்கொண்டு ஆள்கள் கடற்கரைக்கு ஓடுவார்கள். ஆக, கடற்காகத்தைக் கண்ணால் காணாமலேயே வளர்ந்த நீ, நம் உணவங்காடியில் மைனா மேசைக்கு வருவதைப் போலக் கடற்காகம் தட்டுக்கு வரும் ஊருக்குப் போயிருக்கிறாய்.

(ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் சிறுவெண்காக்கைப் பத்து என்றே பத்துப் பாடல்கள் இருப்பது உனக்கு நினைவிருக்கலாம். அந்தச் சிறு வெண் காக்கை கடற்காகமா, ஆலாவா என்று நான் பல இரவுகள் யோசித்ததுண்டு. ஒரு பாடலில் அது புன்னை மரத்தில் தங்குகிறது. இவை இரண்டுமே மரக்கிளையைப் பெரிதாக நாடும் பறவைகள் அல்ல. அம்மூவனாரிடம் பைனாகுலர் இல்லை என்று சொல்லி விட்டுவிட்டேன்.)

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ பறவையைப் பார்த்தாய், கையேட்டைப் பிரித்தாய், அதே போன்ற படத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினாய். மைனாவுக்கும் மீன்கொத்திக்கும் இது போதும். இன்றைய களக் கையேடுகளுக்கு வழிகாட்டியவர் ராஜர் டோரி பீட்டர்சன் என்ற அமெரிக்க ஓவியர். ஒன்றையொன்று ஒத்த பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே நிலையில் வரைந்து, அவற்றை வேறுபடுத்தும் அடையாளத்தின்மேல் ஒரு சிறு கோட்டை நிறுத்திக் காட்டும் முறையை அவர் 1934-இல் கொண்டுவந்தார். கோடு தொடும் இடத்தைப் பார்த்தால் பெயர் கிடைத்துவிடும். கடற்காகத்தின் முன் இந்த ஏற்பாடு திணறுகிறது. உங்கள் ஊரில் மிகச் சாதாரணமாகத் திரியும் ஹெரிங் கடற்காகம் முட்டையிலிருந்து வெளிவந்து முழு உடை அணிய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடிக்கிறது. அந்த நான்கு ஆண்டுகளும் அது ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தோற்றமாக மாறிக்கொண்டே போகிறது. கையேட்டுக்காரர் அதில் நான்கைந்து தோற்றங்களைத்தான் வரைய முடியும். உன் பறவையோ இரண்டு படங்களுக்கு நடுவே எங்கோ நிற்கிறது.

அதனால் கடற்காகத்தைப் பார்த்தவுடன் "இது எந்த இனம்?" என்று கேட்காதே, "இதற்கு என்ன வயது?" என்று கேள். 1982-இல் பீட்டர் கிராண்ட் என்ற ஆங்கிலேயர் கடற்காகங்களுக்கென்றே ஒரு நூல் எழுதி, வயதையும் இறகு உதிர்ப்பையும் அடிப்படையாக வைத்து அவற்றை அணுகும் வழியைப் பலருக்கும் பழக்கினார். கணக்கு எளிது. கருந்தலைக் கடற்காகம் போன்ற சிறியவை இரண்டாம் குளிர்காலத்திலேயே பெரியவர்களின் உடைக்கு வந்துவிடும். நடுத்தர உருவம் உள்ளவற்றுக்கு மூன்று ஆண்டுகள். ஹெரிங், சிறிய கருமுதுகு, பெரிய கருமுதுகு போன்ற பெரியவற்றுக்கு நான்கு. உருவம் பெருக்கப் பெருக்கப் பிள்ளைப் பருவமும் நீளுகிறது. உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு உன் தம்பியைப் பார்த்தாள்.

இதை வைத்து உன் படத்தைப் பார். அலகு முழுக்கக் கறுப்பு, கண்ணும் கறுப்பு, முதுகில் சாம்பல் நிறம் ஒரு துளியும் இல்லை, உடம்பெங்கும் பழுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருக்கிறது, இறகுகளின் ஓரங்கள் கிழிசலின்றிப் புதிதாக இருக்கின்றன. இது இந்தக் கோடையில் பிறந்த குஞ்சு, நவம்பரில் ஐந்து மாதம் ஆகியிருக்கலாம். வயது தெரிந்ததும், கையேட்டின் அந்த விரிவான பக்கங்களில் முதிர்ந்த பறவைகளின் படங்கள் அனைத்தையும் நீ கையால் மறைத்துவிடலாம். மிச்சம் இருப்பவை மூன்றே மூன்று பழுப்புக் குஞ்சுகள். பெரிய கருமுதுகின் குஞ்சுக்குத் தலை வெளுத்து, அலகு கோடரி போலப் பருத்திருக்கும். உன் பறவைக்கு அப்படி இல்லை. ஹெரிங்குக்கும் சிறிய கருமுதுகுக்கும் இடையில்தான் வழக்கு. இங்கே மடித்த சிறகின் மேல், முதுகை ஒட்டிக் கிடக்கும் சில பெரிய இறகுகளைப் பார். ஹெரிங் குஞ்சில் அவற்றின் ஓரம் பல்பல்லாக வெட்டிய இலை போல வெளிர் நிறத்தில் இருக்கும். சிறிய கருமுதுகில் அவை பெரும்பாலும் ஒரே கருநிறமாக, நுனியில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கரையோடு இருக்கும். உன் படத்தில் பல்பல்லாகத் தெரிகிறது. மேலும், சிறிய கருமுதுகில் பெரும்பகுதி குளிர்காலத்துக்கு ஸ்பெயின், போர்ச்சுகல், மொரோக்கோ பக்கம் போய்விடும், சில தங்கினாலும். ஹெரிங் என்றே நான் சொல்லுவேன். ஆனால் சிறகை விரித்துப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஹெரிங் குஞ்சு பறக்கும்போது சிறகின் நுனிக்குச் சற்று உள்ளே ஒரு வெளிறிய சன்னல் தெரியும். சிறிய கருமுதுகின் சிறகு அங்கே இருண்டே இருக்கும்.

இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவன் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பாங்காக்குக்குத் தெற்கே சமுட் பிரகானில் உள்ள பாங் பூ படகுத்துறைக்கு நானும் உன் அம்மாவும் ஒரு டிசம்பரில் போனது உனக்குத் தெரியும். திபெத்திய மேட்டுநில ஏரிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பழுப்புத்தலைக் கடற்காகங்கள் குளிர்காலத்துக்கு அங்கே இறங்குகின்றன. மக்கள் தீனி வாங்கி எறிய, அவை கைக்கெட்டும் உயரத்தில் வந்து காற்றிலேயே கவ்விக்கொண்டு போகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் கண் கறுப்பாக இருந்தது; சிறகின் கறுப்பு நுனியில் இருக்க வேண்டிய வெள்ளைப் பொட்டுகளையும் காணவில்லை. கையேட்டில் பழுப்புத்தலையின் பெரிய படத்தில் வெளிர்க் கண்ணும் வெள்ளைப் பொட்டும் கோடு போட்டுக் காட்டப்பட்டிருந்தன. ஆகவே இது கருந்தலை என்று முடிவு கட்டி, பக்கத்தில் நின்ற தாய்லாந்துக்காரருக்கும் காட்டிக் கொடுத்து, குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். இரவு விடுதியறையில் படத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்து எழுத்தைப் படித்தபோதுதான், முதல் குளிர்காலப் பழுப்புத்தலைக்குக் கண் கறுப்பாகவே இருக்கும், வெள்ளைப் பொட்டும் இருக்காது என்பது தெரிந்தது. கருந்தலை என்றால் சிறகின் முன்விளிம்பு நெடுக ஒரு வெள்ளை ஆப்பு இருந்திருக்க வேண்டும். நான் அதைப் பார்க்கவே இல்லை, பார்க்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. மறுநாள் காலை அந்த வரியை அடித்தேன். குறிப்பேட்டில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் கையேட்டைத் தெருவில் பிரிப்பதில்லை. பறவை எதிரில் இருக்கும்வரை பறவையைத்தான் பார்க்க வேண்டும். கால் நிறம், அலகின் நிறமும் பருமனும், முதுகின் சாம்பல் எவ்வளவு அடர்த்தி, சிறகு நுனியில் கறுப்பும் வெள்ளையும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைச் சிறு படமாகக் கிறுக்கிக்கொண்டு, கையேட்டை வீட்டில் படி. படங்களைவிட எழுத்தை அதிகம் படி. கடற்காகத்துக்கு எழுதியவர்கள் சோம்பேறிகள் அல்ல; படத்தில் இடமில்லாததையெல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

பெயர்களை நம்பாதே. கருந்தலையின் தலை கோடையில்கூடச் சாக்லேட் பழுப்புதான். இப்போது, குளிரில், தலை வெளுத்துக் கண்ணுக்குப் பின்னால் மையிட்டது போல ஒரு புள்ளி மட்டும் இருக்கும். முதுகின் நிறத்தையும் ஒரே பார்வையில் நம்பாதே. சாம்பல் என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. உங்கள் ஊரில் நவம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்கிறது என்கிறாயே, அந்தச் சாய்ந்த வெயிலில் ஒரே முதுகு ஒரு பக்கம் திரும்பினால் வெள்ளியாகவும் மறுபக்கம் திரும்பினால் ஈயமாகவும் தெரியும். தனியாக நிற்கும் பறவையைவிட, இரண்டு இனங்கள் அடுத்தடுத்து நிற்கும் கூட்டம் நல்லது. ஒன்றை வைத்து மற்றொன்றை அளக்கலாம். உயரத்தைப் பொறுத்தவரை, ஆண் பெண்ணைவிடப் பெரியது என்பதை மறக்காதே.

தேய்மானத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைத்தான் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். இறகில் கறுப்பு நிறமி இருக்கும் இடம் உறுதியானது. வெள்ளை இடம் விரைவில் தேய்ந்து உதிரும். இலையுதிர் காலத்தில் சிறகு நுனியில் பளிச்சென்று இருக்கும் வெள்ளை முனைகள் அடுத்த கோடைக்குள் தேய்ந்து மறைந்துவிடலாம். பழுப்புக் குஞ்சும் அதே போல வெயிலில் வெளுத்து, ஜூனில் சில சமயம் பழைய படுக்கை விரிப்பைப் போல ஆகிவிடும். அதன் பிறகு இறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து புதியவை முளைக்கும். கையேட்டுப் பறவைக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. அது என்றும் புதுச்சட்டையோடு நிற்கிறது.

நீ செய்ய வேண்டியதாக நான் நினைப்பது ஒன்றுதான். இந்தக் குளிர்காலம் முழுவதும் வேறு எதையும் தேடாமல் ஹெரிங் கடற்காகத்தையே பார். இளஞ்சிவப்புக் கால், சாம்பல் முதுகு, மஞ்சள் அலகின் கீழ்ப்பாதியில் சிவப்புப் புள்ளி உள்ள முதிர்ந்த பறவையிலிருந்து தொடங்கி, படிப்படியாக இளையவற்றுக்கு இறங்கு. அந்தச் சிவப்புப் புள்ளியைத்தான் குஞ்சு கொத்தித் தாயிடம் இரை கேட்கிறது; அட்டையில் செய்த தலைகளைக் குஞ்சுகளுக்குக் காட்டி இதை ஆராய்ந்த நிக்கோ டின்பர்கன் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஹெரிங்கின் எல்லா வயதும் உன் கண்ணுக்குப் பழகிவிட்டால், வேறொன்று வந்து நிற்கும்போது ஏன் என்று தெரியாமலே உறுத்தும். உறுத்திய பிறகு கையேட்டைத் திற. பெயர் கிடைக்காவிட்டால் "பெரிய கடற்காகம், முதல் ஆண்டு" என்று எழுதிவிட்டுப் போ. என் குறிப்பேட்டில் அப்படிப்பட்ட வரிகள் நிறைய.

மார்ச் வாக்கில் டைன் பாலத்தின் இரும்பு விளிம்புகளிலும் பால்டிக் கலைக்கூடக் கட்டடத்தின் திட்டிலும் கிட்டிவேக் என்ற கடற்காகங்கள் வந்து சேரும். கடலிலிருந்து அவ்வளவு உள்ளே தள்ளி அவை வேறெங்கும் கூட்டமாகக் கூடு கட்டுவதில்லை என்கிறார்கள். கறுப்புக் கால், புள்ளியில்லாத மஞ்சள் அலகு, வெள்ளைப் பொட்டே இல்லாமல் மைக்கூட்டில் முக்கி எடுத்தது போன்ற சிறகு நுனி. அதை நீ கையேடு இல்லாமலே சொல்லிவிடுவாய். அதைப் பார்க்கத்தான் நானும் அம்மாவும் மே மாதம் வருவதாக இருக்கிறோம்; பயணச்சீட்டை இன்னும் வாங்கவில்லை.

முறுக்குப் பொட்டலத்தோடு கோடில்லாத ஒரு குறிப்பேட்டையும் அம்மா அனுப்பியிருக்கிறாள். முறுக்கைச் சன்னலோரம் வைத்துத் தின்னாதே. அந்தக் கூரைப் பறவை எழுந்து பறக்கும்போது, சிறகு விரிந்த நிலையில் ஒரு படம் எடுத்து அனுப்பு. வெளிறிய சன்னல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா