செனகல் தட்டில் நொய்யரிசி

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவுப் பெருமை பற்றிப் பேசும்போது எனக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகல் நாட்டின் செபு ஜென் நினைவுக்கு வருகிறது. மீன், தக்காளி, காய்கறிகளோடு நொய்யரிசியை வேகவைக்கும் அவர்களின் தேசிய உணவு அது. 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஆனால், அந்த நொய் அங்கு விளைந்ததல்ல. கம்பு விளைந்த நிலங்களில் பிரெஞ்சு ஆட்சி ஏற்றுமதிக்காக வேர்க்கடலையைப் பரப்பியது. மக்களின் வயிற்றுக்கோ, தன் இன்னொரு காலனியான இந்தோசீனாவிலிருந்து (இன்றைய வியட்நாம், கம்போடியா, லாவோஸ்) மலிவான நொய்யைக் கப்பலேற்றியது. நம் ஊரிலும் நொய்க்கஞ்சி ஏழையின் உணவாகத்தானே இருந்தது!

அந்த நொய்யைத்தான் செனகலின் செயிண்ட் லூயி நகரப் பெண்கள் விருந்தாக்கினார்கள். உடைந்த அரிசி மீன்சாற்றை நன்றாக இழுத்துக்கொள்ளும். அதனால் முழு அரிசி கிடைக்கும் இந்நாளிலும் பலர் நொய்யையே விரும்பி வாங்குகிறார்கள். இதை அடிமைத்தனத்தின் மிச்சம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பெருமை சமைத்த கைகளுக்கே உரியது.

என்னை வருத்துவது வேறு. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தது. நம்மிடம் நொய் வாங்கும் நாடுகளில் செனகலும் ஒன்று. இத்தகைய தடைகளை விதிக்கும் முன், அந்த நாட்டு அடுப்புகளையும் நம் அரசு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்