ஆயரா, பேராயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வட்டுக்கோட்டை ஆராதனை பற்றிய செய்தியில், "இந்தியாவிலிருந்து வந்த அங்கிலிக்கன் சபையின் ஆயர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்" என்றிருந்தது. ஒரே வசனத்தில் நான்கு பிழை. இதற்கும் திறமை வேண்டும்.

எங்கள் சபை தென்னிந்திய திருச்சபை. பெயரில் 'தென்னிந்திய' என்று இருந்தால் பிஷப் இந்தியாவிலிருந்து வந்தவர் ஆகிவிடுவாரா? 1816இல் அமெரிக்க மிசனார் தெல்லிப்பழையில் தொடங்கி வளர்த்த சபை இது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னைத் தானே நடத்தும் கொங்கிரிகேஷனல் மரபு; இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த அங்கிலிக்கன் அல்ல. தென்னிந்திய ஐக்கிய சபையில் இருந்து, 1947 செப்டெம்பர் 27இல் தென்னிந்திய திருச்சபைக்குள் வந்தது. யாழ்ப்பாணத்து அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் அந்த இணைப்புக்கு வரவேயில்லை. சுண்டுக்குளி பரி. யோவான் கல்லூரி அங்கிலிக்கருடையது, மத்திய கல்லூரியும் வேம்படியும் மெதடிஸ்தர் தொடங்கியவை, உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை அமெரிக்க மிசன். யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இது தெரியாததல்ல.

பட்டத்துக்கு வருவோம். கத்தோலிக்கரிடம் பிஷப் என்றால் ஆயர், ஆர்ச்பிஷப் என்றால் பேராயர். எங்களிடம் பிஷப்பே பேராயர். 1947இல் முதலாவதாக வந்த குலேந்திரன் முதல் அப்படித்தான். பேராயர் என்றால் கொழும்பில்தானே இருப்பார் என்று நினைத்து உங்கள் மேசையில் யாரோ 'பேர்' என்பதை வெட்டிவிட்டார் போலும். திருப்பலியும் எங்களுடையதல்ல. எங்களுடையது திருவிருந்து, மேசையில் அப்பமும் திராட்சரசமும். நடத்துபவர் போதகர், பங்குத்தந்தை அல்ல.

சரியான சொல்லை நாங்களே எழுதித் தந்தாலும் தப்பமுடிவதில்லை. பேராயரின் ஆட்சிப் பகுதியை நாங்கள் ஆதீனம் என்போம். 'யாழ். ஆதீனம்' என்று அனுப்பிய அறிவித்தலை ஒருமுறை சைவ மடத்துச் செய்திகளோடு போட்டீர்கள். போன நத்தாருக்கு எங்கள் ஆலயச் செய்திக்கு மேலே மாதா சுரூபத்தின் படம். மாதாவோடு எங்களுக்குப் பகையில்லை. எங்கள் ஆலயங்களில் சுரூபம் வைப்பதில்லை, அவ்வளவுதான். மானிப்பாயில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றிய கிறீன், உங்கள் பத்தியில் "வெள்ளைக்காரப் பாதிரி" ஆனார். அவர் டாக்டர் ஐயா. தமிழ்ப் பத்திரிகை வரலாறு என்று ஒரு முழுப்பக்கம் போட்டபோது 1841இல் இதே மிசன் தொடங்கிய 'உதயதாரகை'க்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை. 'பேராயர்' என்ற சொல்லை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
வட்டுக்கோட்டை வாசகர்