சனிக்கிழமை சேர்ந்து கணக்குப் போடுவோம்

வணக்கம் நண்பர்களே. வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில் பாடச் சந்தேகங்களைத் தீர்க்க உட்காருகிறோம். அறிவியல், கணிதம், பொருளியல், வணிகவியல் எதுவானாலும் கொண்டுவாருங்கள்.

1. ஆளுக்கு ஒரு வினா. வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கே போட்டுவிடுங்கள்.

2. வினா முழுதாகத் தெரிய வேண்டும். பாதி வெட்டிய படம் வேண்டாம்.

3. நீங்கள் போட்டுப் பார்த்த வழியையும் அனுப்புங்கள், தப்பாக இருந்தாலும் சரி. போன தடவை வேகக் கணக்கில் சூத்திரத்தையே சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், மணிக்கு 72 கிலோமீட்டரை நொடிக்கு 20 மீட்டராக மாற்றாததுதான் வினை. பொருளியலிலும் இப்படித்தான்: விலை 20% ஏறித் தேவை 10% குறைந்தால் நெகிழ்ச்சி (விலை மாற்றத்துக்குத் தேவை எந்த அளவு மாறுகிறது என்பது) அளவு 10 ÷ 20 = 0.5. அதைத் தலைகீழாக வகுத்து 2 என்று எழுதியவர்களும் உண்டு (நானும்தான்).

4. வெறும் விடை கேட்டால் கிடைக்காது.

வருபவர்கள் பாடத்தின் பெயரோடு இன்றே பதில் போடுங்கள்.