ஆண்டு விழாக் கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத்தருபவள் நான். கண்காட்சிக்கென்று என் மாணவர்கள் வரைந்த பதினொரு படங்கள், "இவை நம் பண்பாட்டைச் சார்ந்தவை அல்ல" என்ற ஒற்றைவரிக் குறிப்போடு சென்ற வாரம் என்னிடமே திரும்பி வந்தன. நேரில் பேச வாய்ப்பு அமையவில்லை. பெற்றோரும் அறிய வேண்டிய செய்தி என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

படங்களின் பொருள் கறுப்பின அமெரிக்கர்களின் புளூஸ் என்னும் இசையும் அதை ஒலிபரப்பிய வானொலியும். ஆர்க்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹெலினா நகரின் கே.எஃப்.எஃப்.ஏ. நிலையம் 1941 நவம்பரில் 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. மவுத் ஆர்கன் வாசித்த சன்னி பாய் வில்லியம்சனும் கிட்டார் வாசித்த ராபர்ட் லாக்வுட்டும் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, விளம்பரதாரர் கிடைத்தால்தான் நேரம் ஒதுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். தன் கோதுமை மாவை விற்க விரும்பிய மளிகை மொத்த வணிக நிறுவனம் ஒன்று முன்வந்தது. ஒலிபரப்பு நேரம் நண்பகல் 12:15. பருத்திக் காட்டில் உழைத்தவர்கள் சாப்பிட உட்காரும் வேளை. அப்படிக் காட்டிலிருந்து வந்து கேட்டவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் உலகறிந்த புளூஸ் கலைஞரான பி.பி. கிங்.

ஓவியராக என்னை நிறுத்தி வைத்தது அந்த நிறுவனம் பின்னர் சன்னி பாய் பெயரிலேயே விற்ற சோளமாவுப் பைதான். பெரிய மக்காச்சோளக் கதிரின் மேல் அவர் அமர்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பது போல அதில் அச்சிட்டிருந்தார்கள். கறுப்பினத்தவருக்கு எல்லாமே தனி என்று சட்டம் போட்டு ஒதுக்கிய ஊரில், கறுப்பினக் கலைஞர் ஒருவரின் உருவம் அடுக்களை வரை போயிருக்கிறது. கதிர்மேல் உட்கார வைத்தது பெருமையா, கேலியா என்று என் வகுப்பில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது, இன்றுவரை முடிவாகவில்லை. அந்தத் தொடக்கக் கால நேரடி ஒலிபரப்புகளில் பெரும்பாலானவை பதிவு செய்யப்படாமலே காற்றோடு போய்விட்டன என்பதால்தான், ஒலியை எப்படி வரைவது என்ற கேள்வியை மாணவர்களிடம் வைத்தேன்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்தில் மனிதரே இல்லை. சன்னலில் ஒரு வானொலிப் பெட்டி, திண்ணையில் கழற்றிப் போட்ட மூன்று தொப்பிகள், மூடி திறந்த ஒரு தகர வாளி, ஒரு கடி மட்டுமே கடித்த ரொட்டி. சாப்பிட வந்தவர்கள் சாப்பாட்டை மறந்து பெட்டியருகே போய்விட்டார்கள் என்று விளக்கினாள். இருபது ஆண்டுகளாகத் தூரிகை பிடிக்கும் எனக்கு அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு படம் நாட் டி. வில்லியம்ஸைப் பற்றியது. மெம்பிஸ் நகரில் உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியராக இருந்துகொண்டே, 1948 அக்டோபரில் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலி நிலையத்தின் முதல் கறுப்பின அறிவிப்பாளரானவர் அவர். முதல் நாள் ஒலிவாங்கியின் முன்னால் சொல்ல வந்தது மறந்துபோய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு அந்தச் சிரிப்பே அவருடைய அடையாளம் ஆயிற்று. உரிமையாளர்கள் வெள்ளையர்களாக இருந்தும், அந்நிலையம் விரைவிலேயே முழுக்கக் கறுப்பின நேயர்களுக்கானதாக மாறி, 1954இல் 50,000 வாட் ஆற்றலைப் பெற்றது. பகலில் வகுப்பறையிலும் மாலையில் வானொலியிலும் நின்ற அந்த ஆசிரியரை வரைந்த பையன், அவருடைய சட்டைக் கையில் சுண்ணக்கட்டித் தூளை மறக்காமல் தீட்டியிருக்கிறான்.

குறள் ஓவியங்களுக்கே சுவர் போதவில்லை என்ற உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் குறிப்பில் இடப் பற்றாக்குறை என்று எழுதவில்லையே. இந்தப் பிள்ளைகள் பிறந்தது இந்த அமெரிக்க நாட்டில். பள்ளியில் இவர்களுக்குப் பக்கத்தில் உட்காருபவர்கள் அந்த நேயர்களின் பேரப்பிள்ளைகள். படங்களுக்கு அடியில் உள்ள விளக்கங்கள் அனைத்தையும் பிள்ளைகளே தமிழில் எழுதியிருக்கிறார்கள். 'பருத்திக்காடு' என்ற சொல்லை வீட்டில் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தவர்களும் உண்டு.

அரங்கினுள் இடமில்லை என்றால் உணவுக்கூடத்துக்குப் போகும் நடைவழிச் சுவர் போதும். அளந்து பார்த்துவிட்டேன், பதினொன்றும் கொள்ளும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் படங்களோடும் ஏணியோடும் வருகிறேன். கதவைத் திறந்துவிட ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓவிய ஆசிரியை