பேசினவவோ, கதைச்சவவோ: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணைப் பெற்றோர் சந்திப்பு நெருங்கிவிட்டது. புள்ளிகளைப் பற்றி அன்றைக்குக் கதைக்கலாம். அதற்கு முன் சில வாரங்களாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள், காலை மணி அடிக்கும் முன்பே ஒரு தாயார் தொலைபேசி எடுத்தார். தன் மகளுக்காக அல்ல, மகளின் சிநேகிதிக்காக. "ஹற்றனிலயிருந்து புதுசா வந்த பிள்ளை, பாவம். ரீச்சர் அதை அரை மணித்தியாலம் பேசினவவாம். என்ன பிழை விட்டாலும் அப்படிப் பேசலாமோ, சேர்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் கூட இருந்தது.

ஆசிரியையைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் திகைத்துப்போனார். முதல் நாள் இடைவேளையில் அந்தப் பிள்ளையின் சித்திரக் கொப்பியைப் பார்த்திருக்கிறார். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாட்டி. முகத்தின் சுருக்கங்களைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டியைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் பிள்ளை சிநேகிதியிடம், "டீச்சர் எங்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

மலையகத்துப் பிள்ளைக்குப் பேசுவது என்றால் பேசுவதுதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் அதற்குக் கதைக்கிறது என்போம். "பேசினவ" என்றால் ஏசினவ. இரண்டு பிள்ளைகளும் தமிழ், ஒரே வாங்கில் இருப்பவர்கள். ஒருத்தியின் சந்தோஷம் மற்றவளின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது முறைப்பாடாகிவிட்டது. அந்தத் தாயாருக்கு மனதார நன்றி சொன்னேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்டார். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போடாமல் நேரே என்னிடம் கேட்டார். குழுவில் போட்டிருந்தால் அந்த ஆசிரியையின் பெயர் மத்தியானத்துக்குள் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை போயிருக்கும்.

ஒரு சொல்லே இந்தப் பாடு படுத்துகிறது. ஆனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லால் சொல்வதும் இல்லை. பாடசாலைப் பையைக் கதிரையில் எறிந்துவிட்டு "ஒண்டுமில்லை" என்று அறைக்குள் போகும் பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்த இடத்தில் பலரும், கருத்தரங்குகளில்கூட, தொடர்பாடலில் 93 வீதம் உடல்மொழியும் குரலும், சொல் வெறும் 7 வீதம் என்று சொல்கிறார்கள். அது தவறாகப் பரவிய கணக்கு. 1967 இல் ஆல்பர்ட் மெஹ்ரபியன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுத்தது. சொல் ஒன்றைச் சொல்ல, குரலும் முகமும் வேறொன்றைச் சொன்னால், பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதை வைத்து மதிப்பிடுகிறார் என்பதைத்தான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். முகத்தைப் பாருங்கள், சரி. அதற்காகப் பிள்ளை தேடிச் சொல்லும் சொல்லைத் தள்ளிவிடாதீர்கள். "ஒண்டுமில்லை" என்றால் பல வேளைகளில் "இப்ப கேட்காதீங்கோ" என்றுதான் அர்த்தம். சாப்பிட்ட பிறகு கேட்டுப் பாருங்கள்.

முதலாம் தவணைச் சந்திப்பில் ஒரு மாணவனிடம், "கணிதம் எப்படிப் போகுது, தம்பி?" என்று கேட்டேன். அவன் நிமிர்ந்தான். வாய் திறக்க முன், "அவன் ஒண்டும் கதைக்க மாட்டான் சேர், பின்னம்தான் அவனுக்குப் பிரச்சினை" என்று அம்மா சொல்லிவிட்டார். அன்போடுதான் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு அப்பா பதில் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு அவன் நிமிரவே இல்லை.

இதை வீட்டின் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நாங்களும் செய்கிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுக்களைப் பதிவு செய்து நேரம் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்தது பெரும்பாலும் 1 விநாடிதான். அதை 3 விநாடியாக்கியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. விடை வராமல் போவது குறைந்தது. வாய் திறக்காமல் இருந்தவர்களும் பேசினார்கள். எங்கள் ஆசிரியர்களிடம் மனதுக்குள் மூன்று எண்ணச் சொன்னேன். மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்! நானும் எண்ணுகிறேன், இரண்டிலேயே நாக்கு துடிக்கிறது. ஆனால் தரம் 7 இல் ஒரு பிள்ளை, இந்த வருடம் முதன்முறையாகத் தானே கை தூக்கினாள்.

இன்னொன்று. சென்ற வருடம் ஒரு தந்தை அலுவலக யன்னலுக்கு வந்தார். அவருக்குக் காது கேட்காது. உள்ளே இருந்தவர் குரலை உயர்த்தினார், பிறகு இன்னும் உயர்த்தினார். தந்தை விண்ணப்பப் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் "எழுதுங்கள்" என்று எழுதி நீட்டினார். அவருடைய எட்டு வயது மகன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரத்மலானையில் இருக்கும், செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான பாடசாலை 1912 இலேயே தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் எங்களுக்கு 'வணக்கம்' என்பதற்குக்கூடச் சைகை தெரியவில்லை. அது எனக்கு உறுத்தியது. இப்போது யன்னலில் எழுதுபலகை ஒன்று தொங்குகிறது. சைகைமொழி தனக்கென்று இலக்கணம் உள்ள முழு மொழி, நாட்டுக்கு நாடு வேறுபடுவது. நல்வரவுச் சொற்கள் சிலவற்றை அந்தத் தந்தையிடமே கற்றுக்கொண்டோம். மகன் பெருமையாகத் திருத்தினான்.

அவன் கையால் மொழிபெயர்க்கிறான். உங்கள் பிள்ளைகளில் பலர் வாயால் செய்கிறார்கள். வீட்டில் தமிழ், ஓட்டோவில் சிங்களம், ரியூஷனில் ஆங்கிலம். கொழும்பில் வளரும் பிள்ளைக்கு அது பெரிய சொத்து. ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பம்மாவின் நோயைப் பற்றி வைத்தியர் சிங்களத்தில் சொல்வதை, 12 வயதுப் பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வயதில் தூக்க வேண்டிய பாரம் அல்ல அது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் அரச கரும மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

சரி, இந்த முறைச் சந்திப்பில் ஒரு சிறு மாற்றம். முதல் ஐந்து நிமிடம் பிள்ளைக்கு. பேசலாம், எழுதி வந்து வாசிக்கலாம், கொப்பியை விரித்துக் காட்டலாம். அதுவரை ஆசிரியரும் நீங்களும் நானும் கேட்டுக்கொண்டிருப்போம். பிள்ளை நிறுத்தினால் மூன்று எண்ணுங்கள்.

இக்கடிதத்தோடு ஒரு துண்டு இணைத்திருக்கிறோம். அதில் இரண்டே கேள்வி. உங்கள் பிள்ளைக்கு மனம் சரியில்லாதபோது வீட்டில் அதை எப்படிக் காட்டுவார்? பாடசாலை உங்களோடு எப்படித் தொடர்புகொள்வது உங்களுக்கு வசதி: கடிதமா, தொலைபேசியா, குரல் பதிவா, நேரிலா, எந்த மொழியில்? நிரப்பி வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எழுதச் சிரமமானவர்கள் காலை 7 மணிக்கு வாயிலில் என்னிடம் சொல்லலாம். நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அதிபர்