பாடங்களைச் சோதித்துத் தந்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

பள்ளி திறப்பதற்குள் பத்தாம் வகுப்பு அறிவியல் இணையப் பாடங்கள் ஏறிவிட்டன. என்ன நிலையிலிருந்து ஏறின என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மாற்றுத்திறனாளி மாணவர்களும் தடையின்றிப் படிக்க முடிகிறதா என்று சோதித்துத் தந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

அக்கா, முதலில் உங்களுக்கு. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்துகிறவர்கள் வைத்துக் கேட்கும் வேகம், பழகாத காதுக்கு வெறும் இரைச்சல். நாங்கள் கேட்டது பிழைப் பட்டியல் மட்டும்தான். நீங்கள் வேகத்தை நன்றாகக் குறைத்து, பேசுவதை எழுத்தாகவும் காட்டும் ‘ஸ்பீச் வியூவர்’ சாளரத்தைத் திறந்து வைத்து, ஒரு பாடம் முழுவதையும் பதிவு செய்தே அனுப்பிவிட்டீர்கள். பழகிய வேகத்தை விட்டு இழுத்து இழுத்துக் கேட்பது எவ்வளவு அலுப்பு! பார்வையுள்ள எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று அதைப் பொறுத்துக்கொண்டீர்கள்.

இணைப்பிலிருந்த பிடிஎஃப் முகப்பில் ‘தமிழ் வழி’ என்று இருக்கிறது. உங்கள் பதிவில் ‘தமிழ்’ வர வேண்டிய இடத்தில் வந்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றினால் மட்டும் தீராது. எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு ஆக்கிய பிறகு மெய்ப்பும் பார்க்க வேண்டும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கும். ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்து இருக்கும். கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும், காது விடாது.

வினாடிவினாவில் நடந்தது இன்னும் மோசம். “குழியாடியின் முன்னால்...” என்று வினா தொடங்குகிறது, உடனே “29 நொடி” என்கிறது. மறுபடி “குழியாடி...”, “27 நொடி”. கடிகாரம் மாறும்போதெல்லாம் மற்றதை நிறுத்திவிட்டு உடனே அறிவி என்று நிரலில் அமைத்திருந்தால் இப்படித்தான் அறுபடும். தானியங்கிச் சோதனைக் கருவிக்கு இது குறையாகவே படாது, ஏனென்றால் நிரல் இலக்கணப்படி எல்லாம் சரி. இப்போது 10 நொடி மீதம் இருக்கும்போது ஒரே ஒரு முறை சொல்கிறது; கூடுதல் நேரம் கேட்கும் பொத்தானும் வந்துவிட்டது. பக்கம் எந்த மொழி என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மொழிக்குறி ஆங்கிலம் என்று இருந்ததையும் அந்தப் பதிவுதான் காட்டிக்கொடுத்தது: ஆங்கிலக் குரல் தமிழ் வரியைப் படிக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனது. ஒரே வரியில் திருத்தம்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறோம். 400 விழுக்காடு பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருக்கிறது என்று காட்டிய தம்பி. சுட்டி பிடிக்காமல் விசைப்பலகையின் தாவல் (Tab) விசையால் மட்டும் நகர்ந்து, ‘இழுத்துப் பொருத்துக’ பயிற்சியில் வழி அடைபடுவதைக் கண்டுபிடித்த அண்ணன். சரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்றால் எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிய மாணவர். காதுகேளாத மாணவிகள் சொன்னது எங்களுக்கு முற்றிலும் புதிது. ஆசிரியர் “இதைப் பாருங்கள்” என்று ஒளிக்கதிர் செல்லும் வழியைக் காட்டும் படத்தைச் சுட்டும் அதே நொடியில் கீழே வசனவரியும் ஓடினால் கண் எதைப் பார்க்கும்? சுட்டிய பின் பேச்சை நிறுத்தி, படத்துக்கென்று சில நொடி விடச் சொன்னார்கள். விட்டிருக்கிறோம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இவை உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியவை. உங்கள் நல்ல மனத்தை நம்பியே காலம் தள்ளுவது நியாயமில்லை. அடுத்த பாடத்திலிருந்து சோதிப்பவர்களுக்கு வல்லுநர் ஊதியம் தருவோம். வடிவமைப்பு முடிந்த பிறகு கூப்பிடாமல், மாதிரிப் பக்கம் தயாரானதுமே அனுப்புவோம். வேதியியல் சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே தரும் முதல் பக்கம் இந்த வாரம் உங்களுக்கு வரும்.

நன்றியுடன்,
பாடத் தயாரிப்புக் குழு