நாலு பேர் கணக்கு

பாளையங்கோட்டை,
மார்கழி 6, 2025.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். எதிர்வீட்டுப் பையன் வியாழக்கிழமை கிளம்புகிறான். நெவார்க்கில் இறங்கி உன் வீட்டைத் தாண்டித்தான் போவானாம். பருப்புப் பொடி, கூழ் வடகம், குட்டிக்கு இரண்டு பாவாடைச் சட்டை கொடுத்துவிடுகிறேன். பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்பாய். எழுதினால் இரண்டு நீல டிக் விழுகிறது, அதற்கப்புறம் ஒன்றும் விழுவதில்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொல்லைப்புற முருங்கை இந்த மழையில் சாய்ந்துவிட்டது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் அதிபர் டிரம்ப்புக்கு மார்க் ரொம்பக் குறைந்துவிட்டதே. காலையில் கோலம் போட்டு வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஜனவரியில் பதவி ஏற்றபோது அவர் வேலை பரவாயில்லை என்று நூற்றுக்கு 47 பேர் சொன்னார்கள், உன்னைப் போலக் கருத்துக்கணிப்பு எடுக்கிற காலப் கம்பெனியின் கணக்கு. நவம்பரில் 36. நம் ஊர் எஸ்.எஸ்.எல்.சி.யில் 35 பாஸ்; ஒரு மார்க்கில் பிழைத்திருக்கிறார். அப்பா சிரிக்கிறார், "நம்ம முனிசிபாலிட்டி சேர்மன் யாருன்னு கேட்டா முழிப்பே, அமெரிக்க அதிபர் மார்க் மட்டும் மனப்பாடம்" என்று. பெண்ணைக் கொடுத்த ஊரில் மழையா வெயிலா என்று பார்ப்பதில்லையா, அது மாதிரிதான் இதுவும். செப்டம்பரில் எச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டி.வி.யில் ஓடியதே, அன்று இரவு அப்பா தூங்கவில்லை. "அது புது விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று நீ ஒரு வரி அனுப்பினாய். அந்த ஒரு வரியை அவர் எத்தனை பேரிடம் காட்டினார் தெரியுமா?

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. முகம் ஒடுங்கியிருக்கிறது, கடைசியாகப் பேசியபோது வீடியோவில் பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும், 2018இல் நாங்கள் வந்திருந்தபோது பிரின்ஸ்டனுக்குக் கூட்டிப் போனாய். மாப்பிள்ளை காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். நாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், குட்டி உன் மடியில். "இந்த ஊர்லதான்பா 1935இல் ஜார்ஜ் காலப் கடை விரிச்சார்" என்று நீ ஆரம்பித்தாய். "ஆயிரம் பேரைக் கேட்டு 33 கோடிப் பேர் மனசைச் சொல்வானாக்கும்" என்று அப்பா மல்லுக்கு நின்றார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நான் உனக்காக வாதாட வந்தேன். நீ என்னையும் விடவில்லை. "சோறு எல்லாம் ஒரே அரிசிம்மா. ஜனங்க அப்படியா? மேலே வெந்திருக்கும், அடி பிடிச்சிருக்கும். அடி வரைக்கும் கிளறிட்டு எடுத்தாத்தான் பதம் தெரியும்" என்றாய். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். அந்தப் பெஞ்சில் உன் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த லிட்டரரி டைஜஸ்ட் கதையையும் அப்போதுதான் சொன்னாய். 1936 தேர்தலுக்கு முன்னால் அந்தப் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டை அனுப்பியது. திரும்பி வந்தது 24 லட்சத்துக்குப் பக்கம். அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன்தான் ஜெயிப்பார் என்று போட்டார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். ஐம்பதாயிரம் பேரை வைத்தே காலப் சரியாகச் சொன்னார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்கள் முகவரியாகத் தேடி அனுப்பினார்கள், அதனால்தான் தப்பாகப் போயிற்று என்று அப்பா அக்கம்பக்கத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதிதான் அவருக்கு ஏறியிருக்கிறது. பதில் போட்டவர்களைவிடப் பதில் போடாதவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள், அடி அங்கேதான் என்று நீ சொன்னது எனக்கு மட்டும் தங்கிவிட்டது.

இப்போதும் அதே கதைதானே. 1997இல் நூறு பேருக்குப் போன் போட்டால் 36 பேர் பதில் சொன்னார்களாம், 2018இல் 6 பேராம். பியூ ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கு, நீ அனுப்பிய கட்டுரையில் படித்தேன். யாரும் போனை எடுப்பதில்லை என்று நீ அலுத்துக்கொண்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது பாப்பா. நான் ஒருத்தி இங்கே பதினோரு வாரமாக ஒரே நம்பருக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை இருக்கும். நீ முதன்முதலில் "வெயிட்டிங் பண்றேன்மா" என்றபோது யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று நினைத்தேன். எடை போடுவது என்று அப்புறம் விளங்கியது. படித்தவர்கள் அதிகமாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள், படிக்காதவர்கள் குறைகிறார்கள், அதனால் குறைந்தவர்களின் பதிலுக்குக் கொஞ்சம் எடை கூட்ட வேண்டும். 2016 அதிபர் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகளில் அப்படிச் செய்யாமல் விட்டதும் ஒரு பெரிய கோளாறு. இதை நான் மாடி வீட்டுக்காரிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் "உங்க பொண்ணு பெரிய ஆளுதான்" என்றாள். "ஆமா" என்றேன். "மாப்பிள்ளை எப்படி இருக்காரு" என்று அடுத்துக் கேட்டாள். அடுப்பில் பால் இருந்தது, உள்ளே வந்துவிட்டேன்.

வீடியோவில் உன் பின்னால் முன்பெல்லாம் நீலச் சுவர் தெரியும், கல்யாணப் படம் மாட்டியிருக்கும். கடைசித் தடவை வெள்ளைச் சுவர். பெயிண்ட் அடித்திருப்பீர்கள்.

இரவில் கண் விழிக்காதே. கோவில்பட்டி வீட்டு விஷயம் உனக்குத் தெரியும். அது எப்படி முடிந்தது என்றும் தெரியும். அந்த மாதிரி யாரும் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பிடு. வெறும் வயிற்றில் காபி வேண்டாம்.

பழைய அதிபர்கள் மார்க்கையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பழக்க தோஷம். ட்ரூமன் 1945இல் 87. 1952 பிப்ரவரியில் 22. அதற்குக் கீழே காலப் கணக்கில் ஒருத்தரும் போனதில்லை, நிக்ஸன்கூட 24இல்தான் ராஜினாமா செய்தார். ஆனால் இன்றைக்குச் சரித்திரக்காரர்கள் ட்ரூமனை முதல் பத்துப் பேருக்குள் வைக்கிறார்கள். அப்பா புஷ் வளைகுடாப் போர் முடிந்த கையோடு 89 வாங்கினார். அடுத்த வருஷமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் புஷ் 2001 செப்டம்பரில் 90. போகும் முன் 25க்கு இறங்கிவிட்டார். ஆண்டுக் கடைசியில் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு பையன் மார்க் இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டிருப்பேன். நோட்டைப் பார்க்கப் பார்க்க ஒன்று தோன்றுகிறது: பையன் மாறவே இல்லை, திருத்துகிறவர்கள் மனசுதான் மாறியிருக்கிறது. முழுக்க அப்படி இல்லை என்பாய். சரி, நீ படித்தவள்.

இன்னொன்றும் உண்டு. 1950களில் அதிபராக இருந்த ஐசனோவர் காலத்தில் எதிர்க்கட்சிக்காரர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் அவர் வேலை பரவாயில்லை என்றார்களாம். இப்போது சொந்தக் கட்சியில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர், எதிர்க்கட்சியில் பத்துக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. நம் குடும்பங்களில் என்றைக்கும் இதே கணக்குதான். ஏதாவது ஒன்று என்றால் பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரு பக்கம், பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் ஒரு பக்கம். நடந்தது என்ன என்று ஒருத்தர் கேட்கமாட்டார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

1984இல் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தபோது ஒரு சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதுகிற வேலை பார்த்தேன். ஃபாரத்துக்கு இரண்டு ரூபாய். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று கணக்கு. வீடு பூட்டியிருந்தால் திரும்பப் போக வேண்டும், பக்கத்து வீட்டில் கேட்டு எழுதக் கூடாது. வைகாசி வெயில், பாப்பா. மூன்று தரம் போயும் திறக்காத வீடுகள் பதினாலு இருந்தன. கடைசி நாள் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து பதினாலையும் நானே நிரப்பினேன். பக்கத்து வீட்டில் சிவப்பு சோப்பா, இங்கேயும் சிவப்பு சோப்பு. சந்தேகம் வராமலிருக்க நடுவில் இரண்டு வீட்டுக்குச் சந்தன சோப்பு போட்டேன். "ஒரு ஃபாரம்கூட விடாம முடிச்சது நீ ஒருத்திதாம்மா" என்று சூப்பர்வைசர் பாராட்டினார்.

சோப்பு விஷயம், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

2014, ஆனி மாதம். நீ மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். அப்பா கீழே திண்ணையில் தரகரோடு உட்கார்ந்திருந்தார். நான் மேலே வந்தேன். என்ன கேட்டேன் என்று ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "நல்ல இடம், ஜாதகம் பத்துக்கு எட்டு, அப்பாவுக்கு பிரஷர் வேற ஏறிக் கிடக்கு, உனக்குச் சம்மதம்தானே?" உன் காலப் எப்படிக் கேட்பார் என்று நீதான் சொன்னாய். இன்ன அதிபர் தன் வேலையைப் பார்க்கும் விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா. இரண்டு பக்கமும் வாசல் திறந்திருக்கும். நான் ஒரு வாசலைத்தான் திறந்தேன், அதிலும் நானே நின்றுகொண்டேன்.

நீ தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த தலையணை உறையை இரண்டாக மடித்தாய், நாலாக மடித்தாய், திரும்பப் பிரித்தாய். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. "மோட்டாரை நிறுத்தணும்" என்று எழுந்து போய்விட்டாய்.

அவ்வளவுதான் நீ சொன்னது. நான் கீழே வந்தேன். "என்ன சொல்றா?" என்றார் அப்பா. "சரின்னுட்டா" என்றேன். பதினைந்தாவது ஃபாரம்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான். மண்டபம், தரகர், உன் சித்தப்பா, மதுரை அத்தை. கணக்கு வாத்தியாராக இருந்தும் ஒரு நாளாவது போட்டுப் பார்த்தேனா? நேற்று ராத்திரி போட்டேன். ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை நூற்றுக்கு மூன்று கூட்டியோ குறைத்தோ வருகிறது. நாலே பேரைக் கேட்டால் 49 வருகிறது. இதை வைத்துக்கொண்டா முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன், உன்னையும் கட்டிக்கொடுத்தேன்?

மாப்பிள்ளை கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வந்த காய்ச்சலுக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த மனுஷன். அவருக்கு எத்தனை மார்க் என்று நான் கேட்கவுமில்லை. அது உனக்கு மட்டும் தெரிந்தது. நீ பதில் சொல்லாமல் இருந்தால் இந்தத் தடவை அந்தக் கட்டத்தை நான் காலியாகவே வைத்திருப்பேன். அப்பா கேட்டாலும், மதுரை அத்தை கேட்டாலும் அப்படித்தான்.

ஆனால் குட்டி குரலையாவது கேட்க விடேன். அவளை எதற்கு ஒளித்து வைக்கிறாய்? கோபமாக எழுதிவிட்டேன், எழுதியதை அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

உன் அறை அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். சும்மாதான், மழை ஈரம்.

மார்கழி முழுக்க அப்பா காலை ஐந்து மணிக்குப் பெருமாள் கோவிலுக்குப் போய்விடுகிறார். பொங்கல் வாங்கிக்கொண்டு திரும்ப ஏழாகிவிடும். இங்கே ஐந்து மணி என்றால் உனக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை. வருகிற ஞாயிறு வேண்டாம், பார்சல் வந்து சேர்ந்திருக்காது. அதற்கடுத்த ஞாயிறு போனை அடுப்படி மேடையில் வைத்திருப்பேன். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

வடகம் டப்பாவை உடனே திறந்து வெயில் காட்டு, இல்லையென்றால் பூசணம் பிடித்துவிடும். அங்கே இப்போது வெயில் ஏது. சரி, ஜன்னலோரம் வை.

அன்புடன்,
அம்மா